கிளாஸுக்குப் போகும் பாதை

கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை ‘கிளாஸ்’ என்றால் அது பள்ளிக்கூடத்து வகுப்பைக் குறிக்காது. பள்ளிக்கூடத்தில் இருப்பது ‘தரம்’: தரம் ஒன்பது, தரம் பத்து. கிளாஸ் என்பது பின்னேரத்து ரியூசன். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். எனக்குக் கணிதக் கிளாஸ் வெள்ளவத்தையில். 102ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் காலி வீதி நெடுகப் போய் இறங்குவேன். பல ஆண்டுகள் கழித்து ஜாவா என்ற நிரல்மொழியைப் படிக்கையில் ‘கிளாஸ்பாத்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மனத்தில் வந்து நின்றது அந்த பஸ் பயணம்தான். கிளாஸுக்குப் போகும் பாதை. அந்தப் படம் பிழை என்று உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது. பிழை என்னுடையது மட்டுமல்ல, பெயரிலும் பாதி இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘கிளாஸ்’. இலத்தீனில் ‘கிளாஸிஸ்’. உரோம மக்களைச் சொத்தின் அளவுப்படி ஐந்து கிளாஸிஸ்களாகப் பிரித்தவர் சேர்வியுஸ் துல்லியுஸ் என்ற அரசர் என்பது உரோமரின் மரபுச் செய்தி. அதே சொல்லுக்குக் கப்பற்படை என்ற பொருளும் உண்டு. இத்தாலியின் இரவென்னாவுக்கு அருகே படைக்கப்பல்கள் நின்ற துறைக்கு இன்றும் கிளாஸ்ஸே என்றுதான் பெயர். தமிழில் ‘வகுப்பு’ நேராக ‘வகு’விலிருந்து வருவது, பிரிப்பதே அதன் வேர். தமிழ்நாட்டுக்காரர் ‘வகுப்புவாரி’ என்று சாதி, சமயப் பிரிவுகளைச் சொன்னபோது சேர்வியுஸின் பொருளுக்கு எவ்வளவோ கிட்ட வந்துவிட்டார்கள்.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்தது 1960களில். கணினி அறிஞர் டோனி ஹோர் ஒரே அமைப்புடைய பதிவுகளின் கூட்டத்தை ‘ரெக்கோர்ட் கிளாஸ்’ என்று அழைத்தார். நோர்வேயில் ஓலெ யோகான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் ‘சிமுலா 67’ மொழியை ஆக்கியபோது அதை ‘கிளாஸ்’ என்று சுருக்கி எடுத்துக்கொண்டார்கள். ஜாவாவுக்கு வந்தது அந்தப் பரம்பரைச் சொத்து.

சிக்கல் ‘பாத்’தில்தான். 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் ‘பாத்’ என்றொரு மாறி இருந்தது. நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் அதை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்பதற்கான பட்டியல் அது. ஒவ்வோர் அடைவின் முகவரியும் ஒரு பாதை. பல பாதைகளை முக்காற்புள்ளியால் பிரித்து வரிசையாக எழுதினார்கள். முழுப்பெயர் ‘தேடுபாதை’. புழக்கத்தில் ‘தேடு’ தேய்ந்து போயிற்று. பட்டியல் என்ற எண்ணமோ பெயரில் ஒருநாளும் இருக்கவில்லை. 1996இல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பு இந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றி, வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலைக் ‘கிளாஸ்பாத்’ என்றது. விண்டோஸில் முக்காற்புள்ளி வட்டின் பெயருக்குப் போய்விட்டதால் அங்கே அரைப்புள்ளி. வரிசையில் முதலில் எந்த இடத்தில் அகப்படுகிறதோ அதுவே எடுக்கப்படும். பின்னால் அதே பெயரில் இன்னொன்று இருந்தாலும் ஜாவா அதைத் திரும்பிப் பார்க்காது.

இதை ஒருநாள் வேலையிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்புத் தம்பி ஒருவன் குறுக்கிட்டான். “அண்ணன், எங்கட ஊருல பாதையெண்டா தண்ணிக்கு மேலதான் போகும்.” உண்மைதான். வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்கு அங்கே பாதை என்று பேர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை மக்கள் ‘பாதையில் ஏறி’த்தான் கடந்தார்கள். அந்த வாவிக்கரையிலுள்ள குருமண்வெளிக்காரரின் பாதையும் எங்கள் காலி வீதியும் எழுத்தில் ஒன்று. பொருளில் ஒன்று மிதக்கும், மற்றது கிடக்கும். அந்தச் சொல்லை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

ஜாவாவிலும் ஒரு வகுப்பின் அடையாளம் இப்படித்தான் தீர்மானமாகிறது: பெயரும், அதை நினைவகத்துக்கு ஏற்றிவந்த ஏற்றியும் (கிளாஸ் லோடர்) சேர்ந்தால்தான் அடையாளம். எங்களுக்கு இது பட்டுத்தான் விளங்கியது. மேவன் என்ற கட்டமைப்புக் கருவிக்கு (ஈத்திஷ் மொழிச் சொல், எபிரேய மூலத்தில் ‘விளங்கிக்கொள்பவர்’) சொந்தமாக ஒரு பிளகின் எழுதினோம். சோதனைகளை ஓட்ட ஷுவர்ஃபயர் என்ற பிளகின் ஏற்கெனவே உண்டு. எங்களுக்கோ சோதனைக்கு முன்னும் பின்னும் செய்ய வேறு வேலைகள் இருந்தன. ஓட்டிப் பார்த்தோம். கட்டமைப்பு வெற்றி. ஓடிய சோதனைகள்: 0.

ஈழத்தில் ‘சோதனை’ என்றால் பரீட்சை. ஒருவரும் எழுதாத பரீட்சையில் எல்லாரும் சித்தி என்று பெறுபேறு வந்ததைப் போல இருந்தது. சிவப்பாக ஒரு பிழைச்செய்தி வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

காரணம் இது. மேவன் ஒவ்வொரு பிளகினுக்கும் தனி ஏற்றி ஒன்றைக் கொடுக்கிறது. சோதனைகளை எழுத உதவும் நூலகம் ஜேயூனிட். பிளகினுக்குள் ஒரு ஜேயூனிட் இருந்தது. சோதிக்கப்படும் திட்டத்தில் இன்னொரு ஜேயூனிட் இருந்தது. சோதனை முறைகளின் தலையில் ‘டெஸ்ட்’ என்ற குறி இருந்தது உண்மை. ஆனால் அது திட்டத்தின் ஏற்றி கொண்டுவந்த ‘டெஸ்ட்’. பிளகின் தேடியது தன் ஏற்றி கொண்டுவந்த ‘டெஸ்ட்’டை. ஒரே பெயர், ஒரே எழுத்து, இரண்டு வேறு வகுப்புகள். மட்டக்களப்பாரின் பாதையைக் காலி வீதியில் நின்று தேடினோம்.

திருத்தம் இரண்டு படி. திட்டத்தின் சார்புகளை, அதாவது அது நம்பியிருக்கும் நூலகங்களை, சோதனை மட்டம்வரை தீர்த்துத் தரும்படி பிளகினின் அறிவிப்பிலேயே மேவனைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சோதனைக்கு மட்டும் உரிய ஜார் கோப்புகள் வந்து சேரா. பிறகு மேவன் தரும் பட்டியலை அதன் ஒழுங்கு குலையாமல் எடுக்க வேண்டும்: சோதனை வகுப்புகளின் அடைவு முதலில், திட்டத்தின் வகுப்புகள் அடுத்து, சார்புகள் கடைசியில். அந்தப் பட்டியலோடு தனியாக ஒரு ஜாவா இயந்திரத்தைக் கிளப்பி, ஓட்டுவதை அதனிடமே விட்டோம். அங்கே ஒரேயொரு ஜேயூனிட்தான். சோதனைகள் ஓடின. சில விழுந்தன. விழுந்ததைக் கண்டு அன்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

‘வகுப்புப் பாதை’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலப் பெயர் தவறவிட்டதையே அதுவும் தவறவிடுகிறது. வரிசை முக்கியம், தேடல் முக்கியம். ‘தேடல்வரிசை’ என்றால் இரண்டும் காதுக்கு எட்டும். ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், புள்ளியும் கொம்பும் உட்பட. மூலக் கோப்பின் குறிமுறை யுடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு, மேவன் தரும் பட்டியலை வாங்கும் மாறிக்குத் ‘தேடல்வரிசை’ என்று அந்தத் தம்பியே பெயரிட்டான். தொகுப்பி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.