மூன்றாவது கால்

நாற்பத்து நான்காவது வயதில் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி ஆட்சேபம் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் தவணை கட்டியாகிவிட்டதா என்று மட்டும் விசாரித்தாள்.

மூன்றாம் நாள் பாடத்தில், ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ. பஸ் நகர்ந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரைத் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்துவிட்டது. "யோவ் பெருசு!" என்று ஒரு குரல் கேட்டது. வண்டி உருண்டதைக் காட்டிலும் அந்தப் 'பெருசு'தான் எனக்கு அதிக அதிர்ச்சி அளித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்த வாத்தியார் பதற்றமே இல்லாமல் ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது.

"சார், பெடல் மூணு, கால் ரெண்டு. மூணாவது கால் இந்தக் கைதான். கையால பிடிச்சுக்குங்க. என்ஜின் இழுக்குதுன்னு தெரிஞ்சதும் கையை விடுங்க" என்றார்.

அன்று மாலை இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது, மோட்டார் என்ஜினீயரிங் படிக்கும் என் அக்கா மகன் சிரிக்கவில்லை. "மாமா, உலகத்திலேயே சீக்கிரமா வேகம் பிடிக்கிற பந்தய வண்டியிலேயும் இதே சமாசாரம்தான். அதை ஓட்டுறவரும் கோட்டுல நிக்கிறப்போ கையாலதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்" என்றான். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறான் என்றே நினைத்தேன். பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தபோது, பையன் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தது. அதோடு, அந்தச் சிறிய நெம்புகோலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருப்பதும் தெரிந்தது.

நான் குறிப்பிடுவது அமெரிக்காவில் பிறந்த 'டிராக்' பந்தயத்தை. வளைந்து வளைந்து சுற்றும் பந்தயமல்ல இது. நேரான பாதை. இரண்டே வண்டிகள். அசையாமல் நிற்கும் நிலையிலிருந்து புறப்பட்டு, வழக்கமாகக் கால் மைல், அதாவது 1,320 அடியை, யார் முதலில் கடக்கிறாரோ அவருக்கு வெற்றி. பெரிய வண்டிகள் பந்தயத்தைச் சில விநாடிகளில் முடித்துவிடுகின்றன. வாசகர் ஒரு கொட்டாவி விட்டால் பந்தயம் போய்விடும்!

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1930-களில் தென் கலிபோர்னியா வாலிபர்கள் பழைய கார்களைப் பிரித்து, கனத்தைக் குறைத்து, என்ஜினைச் சீர்செய்து, மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. தூரத்திலிருந்தே ஓடி வந்து, முழு வேகம் பிடித்த பிறகு, அளந்து வைத்த பகுதியைக் கடப்பார்கள். எப்படிப் புறப்பட்டார் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. 1937-ல் இவர்களுடைய கிளப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டன. பிறகு உலக யுத்தம் வந்தது. மியூராக் ராணுவத்தின் வசமாயிற்று.

யுத்தம் முடிந்து திரும்பிய வாலிபர்களிடம் யந்திர ஞானம் இருந்தது. கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. ஏரிதான் தொலைவில் இருந்தது. ஊர்த் தெருக்களிலேயே, ஒரு சிக்னல் விளக்கிலிருந்து அடுத்த விளக்கு வரையில், இரவு நேரத்தில் பந்தயம் விட்டார்கள். எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாத தெருவில் இந்த விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைகள் கண்டித்தன; போலீஸ் துரத்தியது.

இந்தச் சமயத்தில் கைகொடுத்தவை விமான ஓடுபாதைகள். 1950-ல் கலிபோர்னியாவில் சாண்டா ஆனா என்ற ஊரின் விமான நிலையத்தில் சி. ஜே. ஹார்ட் என்பவர் முறையாக டிக்கெட் வைத்துப் பந்தயம் நடத்தத் தொடங்கினார். (நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும், யுத்த காலத்து ஓடுபாதையில்தான் பல வருஷங்கள் மோட்டார் பந்தயம் நடந்தது.) மறு வருஷம், 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியரான வாலி பார்க்ஸ் ஒரு தேசியச் சங்கத்தை ஆரம்பித்தார். தெருவில் பந்தயம் விடும் பையன்களைத் திட்டிப் பயனில்லை, அவர்களுக்கு ஒழுங்கான இடமும் விதியும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1954-ல் அந்தச் சங்கத்தின் சிறு குழு ஒன்று, ஒரு காரும் டிரெயிலருமாக ஊர் ஊராகப் போய், பத்திரமாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுத்தது. 1955-ல் கான்சாஸ் மாகாணத்துக் கிரேட் பெண்ட் என்ற ஊரில் முதல் தேசியப் பந்தயம் நடந்தது. மழை கெடுத்துவிட்டதால் மிச்சத்தை அரிசோனாவில் வைத்து முடித்தார்கள்!

ஓடுபாதை எத்தனை நீளமானாலும் ஏரியாகிவிடாது. தூரத்திலிருந்து ஓடி வர இடமில்லை. கடைசியில் வண்டியை நிறுத்தவும் இடம் வேண்டும். ஆகவே நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. இதில்தான் சரித்திரம் திரும்புகிறது. அதுவரை ஓடத் தெரிந்தால் போதும் என்றிருந்தவர்கள், இப்போது நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில், புறப்படும் அடையாளம் கொடுக்க ஒரு கொடிக்காரர் இருந்தார். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நின்று, கொடியை வீசிக்கொண்டு ஆகாயத்தில் துள்ளுவார். அந்தத் துள்ளலைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரும். ஆனால் ஓட்டுபவர்கள் கொடியையா பார்த்தார்கள்? துள்ளுவதற்கு முன்னால் கொடிக்காரரின் தோள் அசைகிறதா, முழங்கால் மடிகிறதா என்று பார்த்தார்கள். முந்திப் புறப்பட்டவர் யார் என்ற சண்டை தீர்ந்த பாடில்லை.

இந்தச் சண்டைக்கு முடிவு கட்ட, 1963-ல் இண்டியானாபொலிஸில் நடந்த தேசியப் பந்தயத்தில் விளக்குக் கம்பம் ஒன்றை நிறுத்தினார்கள். பல வண்ண விளக்குகள் அடுக்கடுக்காக இருந்ததால் அதற்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர் விழுந்தது. மேலிருந்து கீழே மஞ்சள் விளக்குகள், பிறகு பச்சை, முந்தினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் தோல்வி. அத்துடன், பாதையின் குறுக்கே ஒளிக்கதிர்களும் வந்தன. முன்சக்கரம் முதல் கதிரை மறைத்தால், கோட்டை நெருங்கிவிட்டீர்கள் என்று ஒரு விளக்கு எரியும். இன்னும் சுமார் 7 அங்குலம் நகர்ந்து இரண்டாவது கதிரை மறைத்தால், சரியான இடத்தில் நிற்கிறீர்கள் என்று மற்றொரு விளக்கு எரியும்.

7 அங்குலம்! அதாவது ஒரு சாண்கூட இல்லை. சீறிக்கொண்டு நிற்கும் ஒரு ராட்சத வண்டியை ஒரு சாணுக்கும் குறைவாக நகர்த்தி, அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். நழுவினால் சிவப்பு.

இப்போது என் வாத்தியாரின் கணக்குக்கு வருவோம். இடது கால் கிளட்சில். வலது கால் ஆக்ஸிலரேட்டர்மேல் காத்திருக்கிறது. பிரேக்கை அழுத்தக் கால் ஏது? கைதான் உண்டு. ஆகவே டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோலைப் பொருத்தினார்கள்.

அதை அமைக்கும் விதம் நம் வீட்டுக் காரின் ஹாண்ட் பிரேக்கைப்போல வெறும் கம்பியிழுப்பு அல்ல. நெம்புகோலின் அடியில் எண்ணெய் நிறைந்த சிறு உருளை ஒன்று இருக்கிறது. கையால் இழுத்தால் அதனுள்ளே ஒரு தண்டு முன்னேறி எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம் குழாய் வழியே பின்சக்கரங்களின் பிரேக்கைப் போய்ப் பிடிக்கும். கால் பிரேக்கும் உள்ள வண்டியானால், அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் எண்ணெய் இந்த உருளை வழியாகவே போகும்படி சேர்ப்பதுண்டு. கையை விட்டிருக்கும்போது வழி திறந்திருக்கும், இழுத்ததும் மூடிக்கொண்டு கையின் ஆட்சி நடக்கும். நெம்புகோல் 6 மடங்கு பலம் தருமானால், கை 10 கிலோ இழுப்பு இழுத்தால் தண்டின்மேல் 60 கிலோ விழும்.

பொருத்துவதில் சூட்சுமங்கள் உண்டு. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து வார்களை இறுகக் கட்டிக்கொண்ட பிறகே கைக்கு எட்டும் இடத்தை அளக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து அளந்தால் பந்தயத்தன்று கை எட்டாது. நெம்புகோலைத் தாங்கும் இரும்பு வளைந்துகொடுக்கக் கூடாது. வளைந்தால் கையின் பலமெல்லாம் இரும்பை வளைப்பதிலேயே செலவாகிவிடும். குழாயில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். ஒரு குமிழி இருந்தாலும் பிடி பஞ்சுபோல ஆகிவிடும். பஞ்சுப் பிடியை நம்பிக் கோட்டில் நிற்பவன் சிவப்பு விளக்கைத்தான் பார்ப்பான்.

அந்தக் காலத்து வண்டிகளில் என்ஜின் முன்னே; டிரைவர் பின் அச்சுக்கும் பின்னால்; அவருடைய கால்களுக்கிடையே பல்சக்கரப் பெட்டி. கையில் பிடித்து வைத்திருக்கும் சக்தி என்னவென்பதை 1970 மார்ச் 8-ந் தேதி உலகம் பார்த்தது. கலிபோர்னியாவில் லயன்ஸ் பந்தயப் பாதை. டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர் கோட்டில் நின்றார். விளக்கு விழுந்தது, புறப்பட்டார். அந்தக் கணமே பல்சக்கரப் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டாயிற்று. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. பிரேக்கின் குற்றமல்ல இது. மனிதன் உட்கார்ந்திருந்த இடத்தின் குற்றம்.

வேறொருவராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். கார்லிட்ஸ் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே புதிய வண்டிக்குத் திட்டம் போட்டார். என்ஜின் பின்னால், மனிதன் முன்னால். 1971-ல் அந்த வண்டியில் போமோனா பந்தயத்தில் ஜெயித்தார். சில வருஷங்களுக்குள் மற்றவர்களும் அவர் வழிக்கே வந்துவிட்டார்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மாற்றம் அது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை: கைக்கருகே இருந்த நெம்புகோல்.

மற்ற இடங்களில் அதற்குப் போட்டி வராமல் இல்லை. கியர்பெட்டிக்குள்ளேயே முன்கியரையும் பின்கியரையும் ஒருசேரப் பூட்டி வண்டியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு வந்தது. பித்தானை அமுக்கினால் நிற்கும், விட்டால் பாயும். அதற்குமேல், பித்தானை விட்ட பிறகும் குறித்த நேரம் காத்திருந்து வண்டியை அனுப்பும் மின்சாரப் பெட்டியும் வந்தது. காத்திருக்கும் வேலையை மனிதனிடமிருந்து பெட்டி வாங்கிக்கொண்டது. இது நியாயமா என்ற விவாதம் எழுந்தது. அமெரிக்காவில் இன்று, பெட்டி வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பந்தயம், பெட்டி இல்லாதவர்களுக்கு ஒரு பந்தயம், காலால் பிரேக் பிடித்துப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு பந்தயம் என்று தனித்தனியே நடத்துகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான வகுப்பில், 10,000-க்கு மேற்பட்ட குதிரைசக்தியும் மணிக்கு 330 மைலுக்கு மேற்பட்ட வேகமும் கொண்ட வண்டிகளில், இன்றும் கைதான். என்ஜின் சும்மா ஓடும்போதே வண்டி முன்னே போகத் துடிக்கும். டிரைவர் நெம்புகோலை இழுத்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாக விட்டுக்கொடுத்து, இரண்டாவது விளக்கை ஏற்றி, நிற்கிறார். மஞ்சள் விளக்குகள் மூன்றும் ஒருசேர எரிந்தால், பச்சைக்கு இன்னும் 0.4 விநாடிதான். கால் அழுந்துகிறது, கை விடுகிறது. பக்கத்து வண்டி அதிக வேகமுள்ளதாகவே இருந்தாலும், விடுவதில் இமைப்பொழுது பிந்தினால் அது தோற்றுப்போவதுண்டு. சக்தியை உண்டாக்கப் பணம் போதும். பிடித்து வைத்திருந்து சரியான கணத்தில் விடுவதற்கு மனிதன் வேண்டியிருக்கிறது.

மறு வாரம் அதே மேம்பாலத்தில், அதே ஏற்றத்தில், வண்டி நின்றது. பின்னால் ஓர் ஆட்டோ. முன்போல் அதே ஆட்டோதானோ என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். கிளட்சை மெள்ள விட்டேன். வண்டியின் மூக்கு லேசாக நிமிர்ந்து, என்ஜின் இழுப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. கையை விட்டேன். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

"பரவாயில்லை சார், கைக்கு வந்துடுச்சு" என்றார் வாத்தியார். போமோனாவில் ஜெயித்தவர்களுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.