செவீயா: விமான நிலையப் போக்குவரத்தும் நகர்க்காட்சியும்

செவீயா, தென் ஸ்பெயினில் ஆந்தலூசியா தன்னாட்சிப் பகுதியின் தலைநகர். ஆங்கில வழக்கில் செவில் எனப்படும். குவாதல்கிவீர் ஆற்றின் கரையில், கடலிலிருந்து சுமார் 80 கி.மீ. உள்ளே தள்ளி அமைந்திருந்தும் கப்பல்கள் வந்துசேரும் துறைமுகமாக இருப்பது இதன் தனிச்சிறப்பு. நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் சான் பாப்லோ விமான நிலையம் உள்ளது. இங்குள்ள பேராலயம், அல்காசர் அரண்மனை, இந்தியாக்களின் ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் ஒருங்கே 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. வெளியூரார் இந்நகருக்குள் வந்து சேரும் வழிகளையும், வந்தபின் காணும் இடங்களையும் இக்கட்டுரை கூறுகிறது.

ஆற்று வழி

செவீயாவின் வரலாறு ஆற்றின் வழியே வந்தவர்களின் வரலாறு. உரோமர் காலத்தில் இஸ்பாலிஸ் என்ற பெயரில் ஆற்றுத் துறையாக இருந்த ஊர், கி.பி. 712இல் முஸ்லிம் ஆட்சியின் கீழ் வந்தது. 844இல் வடகடல் கொள்ளையரான வைக்கிங்குகள் இதே ஆற்றில் படகேறி வந்து நகரைச் சூறையாடினர். 11ஆம் நூற்றாண்டில் அப்பாதி மரபினரின் தனியரசுக்கு இது தலைநகர். அம்மரபின் கடைசி மன்னர் அல் முஃதமித் அரபுக் கவிஞராகவும் புகழ் பெற்றவர். பின்னர் மொராக்கோவிலிருந்து வந்த அல்மொராவித், அல்மொஹாத் மரபினர் அடுத்தடுத்து ஆண்டனர். அல்மொஹாத் ஆட்சியும் நகருக்கு ஒரு பொற்காலம் என்று சொல்லத்தக்கது.

அல்மொஹாத் மன்னர்கள் 1171இல் ஆற்றின் குறுக்கே படகுகளைச் சங்கிலியால் பிணைத்து ஒரு மிதவைப் பாலம் அமைத்தனர். எதிர்க்கரையிலுள்ள திரியானாவுக்கும் அதைக் கடந்த வளமான நிலங்களுக்கும் நகரிலிருந்து செல்ல அதுவே வழி. 1220–21இல் ஆற்றங்கரையில் பன்னிரண்டு முகங்கள் கொண்ட காவற் கோபுரம் ஒன்றை எழுப்பினர். இன்று பொற்கோபுரம் எனப்படுவது அதுவே. 1248இல் காஸ்தில் மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ நகரை முற்றுகையிட்டபோது, அவருடைய கடற்படைத் தலைவர் ரமோன் போனிபாஸ் மே மாதத்தில் கப்பல்களை மோதவிட்டுப் படகுப் பாலத்தை உடைத்தார். திரியானாவிலிருந்து வந்த உணவு நின்றது. நவம்பர் 23இல் நகரம் பணிந்தது. ஒரு பாலம் அறுந்ததால் ஒரு தலைநகர் கைமாறியது என்று சொன்னால் மிகையாகாது. செப்பனிடப்பட்ட அந்த மிதவைப் பாலமே அதன் பின்னும் ஆறு நூற்றாண்டுகள் பயன்பட்டது. 1852இல்தான் இரும்புப் பாலம் வந்தது.

அமெரிக்கக் கண்டத்துக்குக் கடல்வழி திறந்ததும் செவீயாவின் நிலை உயர்ந்தது. 1503இல் வணிக மன்றம் இங்கே நிறுவப்பட்டது. புதிய நாடுகளுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் ஆளும் சரக்கும் இம்மன்றத்தின் ஏட்டில் பதிவாக வேண்டும். மாலுமிகளுக்குத் தேர்வு வைத்ததும் கடல் வரைபடங்களைத் திருத்தியதும் இம்மன்றமே. இன்றைய விமான நிலையத்தில் குடியேற்றம், சுங்கம் எனத் தனித்தனி அலுவலகங்கள் பார்க்கும் வேலைகளெல்லாம் அன்று இங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன.

1519 ஆகஸ்டு 10இல் மகெல்லனின் ஐந்து கப்பல்கள் இங்கிருந்து புறப்பட்டன. ஏறத்தாழ 240 பேர் சென்றனர். 1522 செப்டம்பர் 8இல் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பியது விக்டோரியா என்ற ஒரு கப்பல். அதில் எல்கானோவின் தலைமையில் 18 பேர் இருந்தனர். மகெல்லன் வழியில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கொல்லப்பட்டிருந்தார். கரையேறியவர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி, வெறுங்காலுடன் திரியானாவிலிருந்த மாதா கோயிலுக்கும் பேராலயத்துக்கும் நேர்த்திக்கடன் செலுத்தச் சென்றனர். கப்பலில் வந்த கிராம்பின் விலை பயணச் செலவை ஈடுகட்டிவிட்டது.

பின்னர் ஆறே நகரைக் கைவிட்டது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போக, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் பெரியவை அக்காலத்தில் உள்ளே வர முடியாமல் போயிற்று. 1649இல் கொள்ளைநோய் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்டுபோனது. 1717இல் வணிக மன்றம் காதிஸ் நகருக்கு மாற்றப்பட்டது.

இருப்புப்பாதை

கோர்தோபாவிலிருந்து 1859இல் இருப்புப்பாதை வந்தது. நகரின் பழைய நிலையங்களான பிளாசா தெ ஆர்மாஸும் சான் பெர்னார்தோவும் 1990, 1991இல் மூடப்பட்டன. முன்னது இப்போது வணிக வளாகம். அவற்றுக்கு மாற்றாக 1991இல் சாந்தா குஸ்தா நிலையம் திறக்கப்பட்டது. 1992 ஏப்ரலில் மத்ரித்–செவீயா இடையே ஸ்பெயினின் முதல் அதிவேக இரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 470 கி.மீ. தொலைவை இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் இந்த இரயில், தலைநகரிலிருந்து விமானத்தில் வருவோரின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டது.

வான்வழி

நகரின் தென்மேற்கே ஆற்றோரச் சமவெளியான தப்லாதாவில் 1914 முதல் படைத்துறை விமானத் திடல் இருந்தது. ஸ்பெயினின் முதல் விமான அஞ்சல் வழி 1921இல் செவீயாவிலிருந்து மொராக்கோவின் லராச்சே நகருக்குச் சென்றது. 1929 மார்ச்சில் ஹிமேனெஸ், இக்லேசியாஸ் என்ற இரு படை அதிகாரிகள் தப்லாதாவில் கிளம்பி ஏறத்தாழ 44 மணி நேரம் நில்லாமல் பறந்து பிரேசிலின் பாயியாவில் இறங்கினர். அவர்களுடைய விமானத்துக்கு, செவீயா மக்கள் பெரிதும் போற்றும் சிலுவை சுமக்கும் இயேசு சுரூபத்தின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1933 ஜூனில் பர்பெரான், கொய்யார் இருவரும் இங்கிருந்து கியூபாவின் கமகுவே வரை பறந்து வியப்பூட்டினர். சில நாட்களில் அங்கிருந்து மெக்சிகோ நகர் நோக்கிச் செல்லும் வழியில் விமானத்தோடு மறைந்தனர். கிராப் செப்பலின் என்ற ஜெர்மானிய வான்கப்பலும் 1930 மே மாதத்தில் தென் அமெரிக்கா செல்லும் வழியில் செவீயாவில் தங்கியது.

உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936 கோடையில், மொராக்கோவிலிருந்த பிராங்கோவின் துருப்புகள் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களில் கொண்டுவரப்பட்டுத் தப்லாதாவில் இறக்கப்பட்டன. பெரிய அளவில் துருப்புகளை வான்வழியே கொண்டுசென்ற முதல் நிகழ்வு இது.

சான் பாப்லோ 1940களில் வளர்ந்த விமான நிலையம். இப்போதைய முனையத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ரபாயெல் மொனேயோ. இந்நகரில் நடந்த 1992 உலகப் பொருட்காட்சிக்காக அது எழுப்பப்பட்டது. பள்ளிவாசலின் வளைவுகளையும் குவிமாடங்களையும் நினைவூட்டும் நீல விதானம் கொண்ட அதன் கூடத்தைப் பயணிகளில் பலர் பெட்டியைத் தேடும் அவசரத்தில் அண்ணாந்து பார்ப்பதில்லை; ஆனால் அது பார்க்கத்தக்கது. ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ400எம் சரக்கு விமானங்கள் இந்நிலையத்தை ஒட்டிய ஆலையில்தான் ஒன்றிணைக்கப்படுகின்றன. அவ்வகையின் முதல் விமானம் 2009 டிசம்பர் 11இல் இங்கிருந்தே பறந்தது.

இன்றைய போக்குவரத்து

விமான நிலையத்துக்கு இரயிலோ மெட்ரோவோ இல்லை. மாநகரப் பேருந்துக் கழகத்தின் ஈ.ஏ. தடப் பேருந்து சாந்தா குஸ்தா இரயில் நிலையம், பொற்கோபுரம் வழியாகப் பிளாசா தெ ஆர்மாஸ் பேருந்து நிலையம் வரை செல்கிறது. நகர மையத்தை அடைய அரை மணிக்குச் சற்று மேலாகும். டாக்சிகளுக்கு மாநகராட்சி நிர்ணயித்த நிலைக்கட்டணம் உண்டு. இரவிலும் விடுமுறை நாட்களிலும் கூடுதல், புனித வாரத்திலும் ஏப்ரல் திருவிழாவிலும் அதனினும் கூடுதல். பெயர்ப்பலகையுடன் ஓட்டுநர் காத்திருக்கும் முன்பதிவுக் கார்களும் கிடைக்கும். ஆனால் எந்தக் காரும் சாந்தா குரூஸ் பகுதியின் சந்துகளுக்குள் நுழையாது; விடுதி அங்கிருந்தால் ஓரத்தில் இறங்கிப் பெட்டியைக் கல்பாவிய தெருவில் இழுத்துச் செல்ல வேண்டியதுதான். நகருக்குள் 2007 முதல் டிராமும் 2009 முதல் ஒரு மெட்ரோ தடமும் ஓடுகின்றன.

காட்சியிடங்கள்

முதலிடம் ஹிரால்தா கோபுரத்துக்கு. அல்மொஹாத் கலீபா அபூ யாக்கூப் யூசுப் 1172இல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலுக்கு மினாராக இது எழுந்தது. 1184இல் அகமது இப்னு பாசோ என்ற கட்டடக் கலைஞர் அடித்தளமிட்டார். அடிப்பகுதியில் உரோமர் காலக் கற்களைப் பெயர்த்து வைத்துக் கட்டினர். இலத்தீன் எழுத்துப் பொறித்த கற்களை இன்றும் காணலாம். மேலே முழுதும் செங்கல். 1198இல் உச்சியில் பொன்முலாம் பூசிய உலோகக் கோளங்கள் ஏற்றப்பட்டதும் பணி நிறைவெய்தியது. மராக்கேஷின் குதூபிய்யா மினாரும் ரபாத்தில் பாதியில் நின்றுபோன ஹசன் கோபுரமும் இதன் உடன்பிறப்புகள். உள்ளே படிக்கட்டு கிடையாது. 35 சாய்தளங்கள் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. பாங்கு சொல்லும் மோதினார் குதிரை மீதமர்ந்தே ஏறிச்செல்ல வசதியாக இப்படிக் கட்டினர் என்பர். முழங்கால் வலிக்காரருக்கும் ஏறத் தகுந்த கோபுரம் ஐரோப்பாவில் இதைப்போல் அரிது. உச்சியை நெருங்கும்போது மட்டும் சில படிகள் வரும்.

14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் கோளங்கள் கீழே விழுந்தன. 1568இல் எர்னான் ரூயிஸ் என்பவர் மினாரின் மேல் மறுமலர்ச்சிப் பாணியில் மணிக்கூண்டு அமைத்து முடித்தார். அதன் உச்சியில் காற்றுக்குத் திரும்பும் வெண்கலப் பெண்ணுருவம் நிற்கிறது. மொத்த உயரம் ஏறத்தாழ 104 மீட்டர். இஸ்லாமிய உடலும் கிறித்தவத் தலையும் ஒட்டுத் தெரியாமல் பொருந்தியிருப்பது, பின்வந்த ரூயிஸின் அடக்கத்துக்குச் சான்று.

பள்ளிவாசல் 1248க்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு பேராலயமாகப் பயன்பட்டது. 1401இல் அதை இடித்துவிட்டுப் புதிது கட்ட முடிவாயிற்று. 1506இல் முடிந்த அக்கட்டடம், கோதிக் பாணிப் பேராலயங்களில் உலகிலேயே பெரியது. தலைமைப் பீடத்தின் பொன் வேய்ந்த மரச் சிற்பத் திரை 1482இல் பீட்டர் தான்கார்ட் தொடங்கியது. பள்ளிவாசலில் எஞ்சியது ஹிரால்தாவும் ஆரஞ்சு மர முற்றமும். உள்ளே, ஸ்பெயினின் நான்கு அரசுகளைக் குறிக்கும் நான்கு சிலைகள் தோளில் சுமக்கும் பேழையில் கொலம்பஸ் துயில்கிறார். 1506இல் வயாதோலித்தில் இறந்த அவருடைய உடல், செவீயா, சாந்தோ தொமிங்கோ, ஹவானா எனக் கடல் கடந்து அலைந்து, கியூபாவை ஸ்பெயின் இழந்தபின் மீண்டும் இங்கு வந்தது. 2006இல் வெளியான மரபணு ஆய்வில், இங்குள்ள எலும்புகள் அவருடைய தம்பி தியேகோவின் எலும்புகளோடு பொருந்தின. சாந்தோ தொமிங்கோ நகரம் இன்னும் உரிமை கோரிவருகிறது.

அல்காசர் அரண்மனையின் சிறந்த பகுதி, எதிரிகளால் கொடியவர் என்று தூற்றப்பட்ட மன்னர் முதலாம் பெத்ரோ 1364 முதல் கட்டியது. அவர் கிறித்தவர், கிரானாதாவின் முஸ்லிம் மன்னர் ஐந்தாம் முகம்மது கைவினைஞரை அனுப்பி உதவினார். ஆகவே கிறித்தவ மன்னரின் சுவரில் அரபு எழுத்து ஓடுகிறது. மேல்தளம் இன்றும் அரச குடும்பத்தின் இருப்பிடம்.

இந்தியாக்களின் ஆவணக் காப்பகம், முன்பு வணிகர் கூடமாக இருந்த கட்டடத்தில் 1785இல் மூன்றாம் கார்லோஸ் மன்னரால் நிறுவப்பட்டது. சுமார் 8 கோடிப் பக்கங்கள் உள்ளன. பெரும்பாலானவை, இந்தியாக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட அமெரிக்க, பிலிப்பைன்ஸ் பகுதிகளின் ஆட்சி ஏடுகள். நுழைவு இலவசம். இருந்தும் சுற்றுலாக் கூட்டம் இதைத் தாண்டிப் போய்விடுகிறது.

சாந்தா குரூஸ், 1391 படுகொலைக்கு முன் யூதர் வாழ்ந்த பகுதி. வெள்ளைச் சுவரும் பூந்தொட்டியுமாக இன்று தெரியும் அதன் அழகில் பெரும்பங்கு, 1929இல் இந்நகரில் நடந்த கண்காட்சிக்கு முன்பு ஒப்பனை செய்யப்பட்டதே. அக்கண்காட்சிக்காக அனிபால் கொன்சாலெஸ் கட்டிய அரைவட்டப் பிளாசா தெ எஸ்பான்யாவும் மரியா லூயிசா பூங்காவும் தெற்கே உள்ளன. திரியானா, பிளமெங்கோ இசைக்கும் வண்ண ஓடுகளுக்கும் பேர்போனது. 2011இல் திறந்த மெட்ரோபோல் பாரசோல் என்ற மரப் பந்தலை ஊரார் காளான்கள் என்கிறார்கள். வடமேற்கே சாந்திபோன்சேயில் கி.மு. 206இல் சிப்பியோ நிறுவிய இத்தாலிகாவின் இடிபாடுகள் உள்ளன. பேரரசர் திராஜன் பிறந்த ஊர் அது. 25,000 பேர் அமரக்கூடிய அரங்கும் உண்டு.

புனித வாரத்தில், குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை, சகோதரத்துவ அமைப்புகள் சுரூபங்களைச் சப்பரங்களில் சுமந்து வீதியுலா வருகின்றன. அந்த வாரம் மையத்தின் தெருக்கள் பல அடைக்கப்படும். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் அடிக்கடி 40 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. வெப்ப அலைக்குப் புயலைப்போலப் பெயரிடும் முறையை உலகில் முதலில் கொண்டுவந்த நகரம் இதுவே. 2022 ஜூலையில் வந்த முதல் அலைக்குச் சோயே என்று பெயரிட்டனர். வருவோர் மார்ச் முதல் மே வரையோ அக்டோபர், நவம்பரிலோ வருவது நலம்; அல்காசருக்கும் பேராலயத்துக்கும் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.