ஓரெசுண்ட் கப்பல் அழிவு (1619)

ஓரெசுண்ட்: காரைக்கால் கடலில் போர்த்துக்கீசியர் மூழ்கடித்த டேனியக் கப்பல். 1616இல் தொடங்கிய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடற்தளபதி ஓவே யெடெவின் கப்பல்களுக்கு முன்னோடியாக 1618இல் இதை அனுப்பியது. வணிகப் பொறுப்பாளர் ரோலண்ட் கிராப்பே இதில் வந்தார்.

மாலுமிகளில் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். இருவரின் தலைகளைக் கழியில் குத்திக் கடற்கரை மணலில் நட்டுவைத்தார்கள், அடுத்து வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக. கிராப்பேயும் 13 பேரும் உயிர் தப்பிக் கரையேறினர். கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் பிடித்துத் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோனார்கள். கைதிகளாகப் போனவர்களை நாயக்கர் வணிகர்களாகவே நடத்தினார். போர்த்துக்கீசியருக்குப் போட்டியாக இன்னொரு வணிகர் கூட்டம் வருவது அவருக்கும் ஆதாயம்தான்.

இலங்கைக்குச் சென்றும் எண்ணம் ஈடேறாத யெடெ பின்னர் இக்கரைக்கு வந்தார். 1620 நவம்பரில் நாயக்கருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. காரைக்காலுக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது; டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கிராப்பே பின்னாளில் அங்கே ஆளுநரானார். டேனியர் தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றனர்.

தரங்கம்பாடி வரலாற்றை யெடெவிலிருந்து தொடங்குவது வழக்கம். கிராப்பேயிலிருந்து தொடங்குவதே நியாயம். காரைக்கால் கடற்கரையில் அந்த மாலுமிகளுக்கு நினைவுக்கல் ஒன்று வைக்கலாம். டேனியர் தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றனர்.