நனைந்த தட்டும் தயங்கும் சக்கரமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் நகருக்கு வருவோர், சாலையில் தேங்கிய நீரைக் கடக்காமல் வர இயலாது. நீரைக் கடந்தபின் பிரேக் பிடித்தால் வண்டி சில வேளை ஒரு கணம் தயங்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். ஒரு வினாடித் தயக்கம் எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். அத்தயக்கத்தைப் போக்கப் பொறியியலார் எடுத்த முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு.

1950களின் நடுவில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் பல பத்தாண்டுகள் டிரம் பிரேக்குடனேயே ஓடியது. இதில் சக்கரத்தின் நடுவிலுள்ள மூடிய உருளைக்குள் இரு கட்டைகள் விரிந்து உராய்கின்றன. உள்ளே நீர் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. வெப்பமும் அவ்வாறே உள்ளே தங்கிவிடும்.

இதற்கு மாற்று முன்பே தோன்றியிருந்தது. சுழலும் தட்டை இருபுறமும் இறுகப் பற்றி நிறுத்தும் முறைக்கு 1902-இல் இங்கிலாந்தின் லாங்செஸ்டர் காப்புரிமை பெற்றார். 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் தட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றபின் அதன் புகழ் பரவியது. 1969-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி 750 அதனை மோட்டார் சைக்கிள் உலகிற்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

தட்டு திறந்த வெளியில் சுழல்வதால் நீரை உதறிவிடும் என்று எண்ணலாம். ஆனால் மழையில் கைப்பிடியை அழுத்தியும் முதலில் ஒன்றும் நிகழவில்லை என ஓட்டுநர்கள் குறைகூறினர். காரணம் என்ன? கார்களில் தட்டுகள் வார்ப்பிரும்பால் ஆனவை. மோட்டார் சைக்கிளிலோ தட்டு கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், துருவேறாமல் பளபளக்கும் எஃகு விரும்பப்பட்டது. அவ்வழவழப்பான பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலம், அக்காலத்துப் பிரேக் பேடுக்கும் தட்டுக்கும் இடையே எண்ணெய்போல் நின்று உராய்வைக் குறைத்தது.

தீர்வு இருவகையில் வந்தது. தட்டில் துளைகளும் பள்ளங்களும் இடப்பட்டு, நீர் ஒதுங்க வழி கிடைத்தது. உலோகத் தூளை அழுத்தி, உருகாத அளவு சூடேற்றி இறுகச் செய்த பேடுகள் ஈரத்திலும் உராய்வை இழக்காதிருந்தன. 2006-இல் வகுக்கப்பட்ட உலகளாவிய சோதனை விதியில், தட்டின்மீது நீர் தெளித்துக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அரை வினாடிக்கும் ஒரு வினாடிக்கும் இடைப்பட்ட வேளையில், உலர்ந்த நிலையில் கிடைக்கும் வேகக் குறைப்பில் 60 சதவீதமாவது கிடைத்தாக வேண்டும்.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்திலேயே ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தட்டு பிரேக்குடன் உருவாகின்றன. எனினும் தொழிற்சாலை தந்த திறனைக் காப்பது உரிமையாளரின் கடமை. பேடில் தேய்மானம் காட்டும் பள்ளம் மறையுமுன் அதனை மாற்ற வேண்டும். சங்கிலிக்கு இடும் எண்ணெய் தட்டில் படக்கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 வகையின் கொதிநிலை புதியதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரமேறியபின் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி தோன்றும். ஆவி அமுங்குவதால் கைப்பிடி தளரும். எனவே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும். தட்டின் மீதுள்ள நீரைத் துடைக்காது. ஆகவே தேங்கிய நீரைக் கடந்ததும், பின்னால் வண்டி வருகிறதா எனப் பார்த்து, பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தித் தட்டை உலர்த்துங்கள். முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே கூடுதல் இடைவெளி விடுவதும் மறவாதிருப்போம்.