ஒரு முகத்தைக் குறித்த வழக்கு

நம் கத்தோலிக்க இல்லங்களின் சுவர்களில் தொங்கும் படங்களுள், சிலுவையையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் படம் நமக்கு மிகவும் பழகிய ஒன்று. கன்னங்களில் இளஞ்சிவப்பு, இதழ்களில் மெல்லிய முறுவல், எதற்கும் கலங்காத கண்கள். நாட்காட்டியிலும், செபப் புத்தகத்தின் நடுவே நாம் செருகி வைக்கும் சிறு படங்களிலும் இதே முகந்தான். ஆயினும் இது நிழற்படக் கருவி கண்ட முகம் அன்று. கருவி கண்ட முகத்தைப் பார்த்தவர்கள், "இது அவள் அல்லள்" என்று கூறியதன் விளைவாக, அவருடைய உடன்பிறந்த சகோதரியின் கையால் உருவான முகம் அது. ஒரு படத்தின் நிறத்தையும், அதில் தோன்றும் உணர்வையும் பற்றிக் கருத்துக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? அக்கருத்தை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம்? ஒரு புனிதையின் முகத்தை முன்னிட்டு இவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது என்பதை நம்முள் பலர் அறியோம்.

தெரேசா மார்ட்டின் 1873 ஜனவரி 2-ஆம் நாள் பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் பிறந்தார். 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அவருக்கு மூத்தவரான செலின், நோயுற்ற தந்தையை இறுதிவரை பராமரித்தபின், 1894 செப்டம்பர் 14-ஆம் நாள் அதே மடத்திற்குள் நுழைந்தார். ஓவியம் பயின்றவர் செலின். அவர் தம்மோடு ஒரு நிழற்படக் கருவியையும் கொண்டுவந்தார். அடைபட்ட மடம் ஒன்றில் அக்காலத்தில் இது அரிய காட்சி. தலைவியின் இசைவு கிடைத்திராவிடில், தெரேசாவின் துறவற வாழ்வைக் காட்டும் படங்களுள் பெரும்பாலானவை நமக்குக் கிடைத்தே இரா.

அந்தக் கருவி எவ்வாறு பார்த்தது என்பதை அறியாமல் இவ்வழக்கை விளங்கிக்கொள்ள இயலாது. அன்றைய கண்ணாடித் தகடுகள் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் உணரவில்லை. நீலத்தை மிகுதியாக உணர்ந்தன. சிவப்பை ஏறத்தாழ உணரவே இல்லை. ஆகவே வெளிர்நீலக் கண்கள் நிறம் வெளுத்துப் போகும். செவ்விதழ்களும், கன்னத்தின் செம்மையும், வெயிலில் தோன்றும் சிறு புள்ளிகளும் கருமையாகப் பதியும். ஆரோக்கியத்தின் அடையாளமான செம்மையே படத்தில் களைப்பின் நிழலாக மாறிவிடும். மேலும் கார்மேல் சபையின் பழுப்பு அங்கியையும் வெண்ணிற மேலாடையையும் ஒரே தகட்டில் பதிப்பது எளிதன்று; ஒன்று இருண்டுபோகும், மற்றொன்று வெளிறிப்போகும். இவற்றோடு, தகடு ஒளியை வாங்கும் சில நொடிகள் முழுவதும் அசையாது இருக்க வேண்டும். எந்த முறுவல் அத்தனை நொடிகள் உயிரோடு நிற்கும்? வாய் இறுகும், பார்வை உறைந்துபோகும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நம் பாட்டனார் பாட்டிமாரின் பழைய படங்களைப் பார்த்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. உண்மையில் அவர்கள் அத்தனை கடுமையானவர்களா என்ன?

ஒரே படம் பார்ப்பவரின் சொல்லால் எவ்வாறு வேறாகிவிடும் என்பதைத் தெரேசா தம் வாழ்நாளிலேயே கண்டார். 1895-இல் மடத்தில் நடித்த நாடகத்தில் அவர் புனித ஜோன் ஆஃப் ஆர்க்காக வேடமிட்டார். செலின் அதே கோலத்தில் அவரைப் படமெடுத்தார். சிறையில் தனித்திருக்கும் ஜோனின் துயரம் அப்படங்களில் தெரிகிறது. தீய சக்திகளின் பிடியிலிருந்து மனந்திரும்பியவர் எனப் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர் நம்பிய டயானா வாகன் என்பவருக்கு அவற்றுள் ஒன்று அன்போடு அனுப்பப்பட்டது. ஆனால் டயானா வாகன் என்று ஒருவர் இல்லவே இல்லை. அது லியோ டாக்சில் என்பவன் புனைந்த மோசடி. 1897 ஏப்ரல் 19-ஆம் நாள் பாரிசில் கூட்டம் கூட்டித் தன் ஏமாற்றை அவனே வெளிப்படுத்தியபோது, அந்தப் படத்தைத் திரையில் காட்டினான். செபமாகச் சென்ற படம் ஏளனப் பொருளாயிற்று. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் செலின் தம் தங்கையை மூன்று முறை படமெடுத்தார். காசநோயால் தெரேசா நலிந்திருந்த நாட்கள் அவை. குழந்தை இயேசுவின் படத்தையும் திருமுகத்தின் படத்தையும் கையில் ஏந்தி, அவர் நேராக நம்மை நோக்குகிறார். செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 24.

ஓராண்டு கழித்து, 1898-இல், அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. எவரும் எதிர்பாராத வேகத்தில் அது நாடுகளைக் கடந்து பரவிற்று. நூலைப் படித்தவர்கள் முகத்தைக் காண விரும்பினர். இருந்த நிழற்படங்களையோ, அவரோடு வாழ்ந்த சகோதரிகளே முழுமையாக ஏற்கவில்லை. மடத்தில் இருந்த மூத்த சகோதரிகளான மரியும், ஆக்னஸ் அன்னை எனப்பட்ட பவுலினும் தெரேசாவைச் சிறுவயது முதல் வளர்த்தவர்கள். பேசும்போதும் சிரிக்கும்போதும் அவர் முகம் எப்படி இருந்தது என்பது அவர்கள் நினைவில் இருந்தது, தகட்டில் இல்லை. எனவே செலின் சில படங்களில் டச்சிங் செய்தார். கரிக்கோலாலும் தூரிகையாலும் புதிய உருவங்களையும் வரைந்தார். சகோதரிகள் பார்த்து, குறை கூறி, ஒப்பிய பின்னரே அவை வெளியாயின. இவ்வுருவங்களே தம் தங்கைக்கு மிக ஒத்தவை என்று செலின் உறுதியாக நம்பினார். முதல் உலகப் போரில் வீரர்கள் பதுங்குகுழிகளில் வைத்திருந்ததும், வண்ண அச்சில் நம் நாடு வரை வந்ததும் இந்த முகமே.

பின்னர் எதிர்க்கருத்து எழுந்தது. கண்டனம் செய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், இங்கிலாந்தில் பங்குப் பணியாற்றிய எத்தியென் ரோபோ என்னும் குருவானவர். 1955-இல் வெளியிட்ட தம் நூலில், மடம் பரப்பிய முகத்துக்கும் டச்சிங் செய்யப்படாத முகத்துக்கும் இடையே உள்ள தொலைவை அவர் சுட்டிக்காட்டினார். அகன்ற உறுதியான முகவாய், அழுத்தமான உதடுகள், துன்பம் அறிந்த கண்கள். இவை எங்கே போயின? இதுவே அவரைப் போன்றோர் எழுப்பிய வினா. செலின் அப்போது 86 வயது மூதாட்டி.

நாம் இரு தரப்பையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. செலினைப் பொய்மை செய்தவர் என்பது அநீதி. தகடு நிறங்களைத் திரித்ததும், நொடிகளின் நீட்டம் முறுவலை உறையச் செய்ததும் உண்மை. அவற்றைத் திருத்த அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவர் செவிமடுத்த கருத்துகள் யாவும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. தங்கையின் இனிமையை நினைத்து ஏங்கியவர்கள் இனிமை குறைகிறது என்று கூறினார்கள், அவரும் சேர்த்தார். வலிமை குறைகிறது என்று கூற அங்கே யாரும் இல்லை. அந்தக் கருத்து மிகத் தாமதமாக, அறியாதவர்களிடமிருந்து, சில வேளைகளில் சற்றுக் கடுமையாகவே வந்தது. தெரேசா தம் இறுதி மாதங்களில் விசுவாச இருளோடு போராடினார் என்பதை நாம் இன்று அறிவோம். அந்தப் போராட்டத்தில் இருக்கும் ஒருவர் இளஞ்சிவப்புக் கன்னத்தைப் பார்த்து என்ன ஆறுதல் பெறுவார்? அவருக்கு ஜூன் 7-ஆம் நாளின் முகம் வேண்டும்.

எழுத்துக்கும் இதே கதை நேர்ந்தது. தன்வரலாற்றை ஆக்னஸ் அன்னை பலவிடங்களில் திருத்தியே வெளியிட்டிருந்தார். அவர் 1951-இல் இறந்தபின், கார்மேல் சபைக் குருவான பிரான்சுவா தெ சேன்த் மரி, கையெழுத்துப் பிரதிகளை உள்ளவாறே 1956-இல் வெளியிட்டார். செலின் 1959 பிப்ரவரி 25-ஆம் நாள் இறந்தார். 1961-இல் அதே குருவானவர் தெரேசாவின் நிழற்படங்களை டச்சிங் இன்றித் தொகுத்து வெளியிட்டார். குழந்தைப் பருவம் முதல் மரணப் படுக்கை வரை 47 படங்கள்.

அத்தொகுப்பு வெளிவர இயன்றதற்கு ஒரு காரணம் உண்டு. தமக்கு நிறைவு தராத அந்தப் படங்களை, தம் ஓவியங்களுக்கு எதிராக என்றேனும் சாட்சி சொல்லக்கூடிய அவற்றை, செலின் அழித்துவிடவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவை மடத்திலேயே காக்கப்பட்டிருந்தன.