சி. நாராயணசாமி நாயுடு

சி. நாராயணசாமி நாயுடு (1925 – 1984) தமிழ்நாட்டைச் சேர்ந்த விவசாயிகள் இயக்கத் தலைவர். மின்கட்டண உயர்வுக்கு எதிராக 1970களில் நடந்த போராட்டங்களை முன்னின்று நடத்தியவர். கோயம்புத்தூர் மாவட்டம் வையம்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்.

பின்னணி

கொங்குப் பகுதியில் மழை குறைவு. ஆற்றுப் பாசனம் எட்டாத நிலங்களில் பயிர் முழுவதும் ஆழ்கிணறுகளையே நம்பியிருந்தது. கமலை இறைத்த கிணறுகளில் மின்மோட்டார்கள் வந்தபின், மின்கட்டணம் சாகுபடிச் செலவின் முக்கியப் பகுதியாயிற்று. கிணறு வெட்டவும் மோட்டார் வாங்கவும் பெற்ற கடன் அதற்கு மேல் சுமையாக இருந்தது. எனவே யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வும் பெரிய பிரச்சினையானது.

போராட்டங்கள்

1970இல் கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து விவசாயிகள் திரண்டனர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். அதன்பின் கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கப்பட்டது.

1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, விவசாயிகள் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கோவை நகரச் சாலைகளில் நிறுத்திப் போக்குவரத்தை முடக்கினர். அவ்வாண்டு ஜூலை 5 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் பலர் உயிரிழந்தனர். அந்நாளை விவசாய அமைப்புகள் தியாகிகள் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

தமிழக விவசாயிகள் சங்கத்தின் தலைவராக அவர் விளைபொருளுக்கு நியாய விலை, கடன் தள்ளுபடி, கடனுக்காகச் செய்யப்படும் ஜப்தியை நிறுத்துதல் ஆகிய கோரிக்கைகளையும் முன்வைத்தார். இக்கோரிக்கைகளுக்காக எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலும் போராட்டங்கள் தொடர்ந்தன.

கட்சி அரசியல்

சங்கம் நெடுங்காலம் கட்சி சார்பற்றதாக இருந்தது. எக்கட்சியைச் சேர்ந்த விவசாயியும் அதில் சேர முடிந்ததே அதன் பலம். 1982இல் நாயுடு இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். ஹங்கேரியில் சிறுவிவசாயிகள் கட்சி 1945 தேர்தலில் 57 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. தமிழ்நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. போராட்டத்திற்குத் திரண்டவர்கள் வாக்களிக்கும்போது தத்தம் கட்சிகளுக்கே திரும்பினர். 1984 டிசம்பர் 21 அன்று, சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், கோவில்பட்டியில் நாயுடு காலமானார்.

தாக்கம்

1984இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. கிணறும் மோட்டாரும் உள்ளவர்களுக்கே இதன் பயன் நேரடியாகச் சேர்ந்தது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கு இயக்கம் போதிய இடம் தரவில்லை என்ற விமர்சனமும் உண்டு. ஆயினும் இலவச விவசாய மின்சாரத்தைத் தமிழ்நாட்டின் எந்தக் கட்சியும் எளிதில் கைவிட முடியாத நிலை இப்போராட்டங்களால் உருவானதே.