ஆமணக்கெண்ணெயும் மோட்டார் சைக்கிளும்

மோட்டார் சைக்கிளுக்கு எந்த எஞ்சின் ஒயில் நல்லது என்று எங்கள் வானொலிக்கு அடிக்கடி கேள்வி வருகிறது. சாப்பாடு விநியோகம் செய்யும் தம்பிமார்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். வண்டி நின்றால் அவர்களது அன்றைய உழைப்பும் நின்றுவிடும். நான் கணக்காளன், மெக்கானிக் அல்லன். ஆனாலும் நாம் வாழும் குரோய்டனின் பழங்கதையிலும், பலர் விட்டு வந்த யாழ்ப்பாணத்தின் கதையிலும் இதற்கு விடை இருக்கிறது.

பேர்லி வே வீதியால் போகிறவர்கள் பழைய விமான நிலையக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1959இல் மூடப்பட்ட அந்த நிலையத்தின் தொடக்கம், முதலாம் உலகப் போரில் செப்பலின் வான்கப்பல்களிடமிருந்து லண்டனைக் காக்கப் பெடிங்டனில் அமைத்த விமானத் திடல். சோப்வித் கேமல் உட்பட அக்காலப் போர் விமானங்கள் பலவற்றில் சிலிண்டர்களே சுழலும் எஞ்சின் இருந்தது. அதற்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். ஆம், சிறு வயதில் மூக்கைப் பிடித்துப் பேதிக்குக் குடிக்கத் தந்தார்களே, அதேதான்!

ஏன் அது? அந்த எஞ்சினில் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை, ஒயில் இருக்கும் வயிற்றுப் பகுதியின் வழியாகவே சிலிண்டருக்குப் போகும். நிலத்திலிருந்து எடுக்கும் கனிய எண்ணெயைப் பெற்றோல் கரைத்துத் தண்ணியாக்கிவிடும். ஆமணக்கெண்ணெய் பெற்றோலில் இலகுவில் கரையாது. சூட்டிலும் இரும்பை விட்டு விலகாது. ஆனால் ஒருமுறை போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியே வீசப்படும். விமானி அதைச் சுவாசிப்பார், விழுங்குவார். தரை இறங்கியதும் எங்கே ஓடியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் 1899இல் லண்டனில் தொடங்கிய கம்பனி, 1909இல் தன் எண்ணெய்க்குக் காஸ்ட்ரோல் என்று பெயர் வைத்ததும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்துதான். (1930 மே 5இல் குரோய்டனிலிருந்து தனியே அவுஸ்திரேலியாவுக்குப் பறந்த ஏமி ஜோன்சனின் விமானத்தை வாங்க உதவியவர்களில் இவரும் ஒருவர். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதினாரோ!) பந்தய மோட்டார் சைக்கிள்காரரும் பல ஆண்டுகள் ஆமணக்கெண்ணெயையே நம்பினார்கள். ஆனால் அது சூடேறிப் பிசினாகும், எஞ்சினை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது சரிவராது.

இனி யாழ்ப்பாணம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் அங்கே பெற்றோல் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. நான் அப்போது வணிகவியல் மாணவன். சின்னப் போத்தலில் மருந்துபோல வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படி ஓடிய வண்டிகள்தான். மண்ணெண்ணெய் ஆவியாகப் பெற்றோலைவிடக் கூடிய சூடு வேண்டும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே போய்ச் சேரும். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திராது, கூடியிருக்கும்! ஐந்தொகையில் சொத்துப்போலத் தெரியும் கடன் அது. அளவைப் பார்ப்பதைவிட, மணந்து பார்த்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பதே புத்தி.

ஆக, ஒயிலின் பெயரைவிட அதோடு எஞ்சினுக்குள் வேறு என்ன சேர்கிறது என்பதே முக்கியம். இன்றைய கியர் மோட்டார் சைக்கிளில் சேர்வது கிளச். சாதாரண கியர்க் காரில் கிளச் உலர்ந்திருக்கும், கியர்ப்பெட்டிக்கு வேறு ஒயில். மோட்டார் சைக்கிள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஒயில். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காகக் கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போடுகிறார்கள். அது கிளச் தட்டுகளுக்கிடையே போனால் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. இதற்காகவே யப்பானியர் 1998இல் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஜாசோ தரத்தை வகுத்தார்கள். போத்தலின் பின்பக்கத்தில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்றிருந்தால் ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது. எம்.பி. வழுக்கல் கூடியது, கிளச் நனையாத ஒட்டோமற்றிக் ஸ்கூட்டருக்குப் பொருந்தும்.

10டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண் சிறிதானால் குளிரிலும் ஒயில் இலகுவாக ஓடும். பின் எண் சூட்டில் அதன் தடிப்பு. ஊரில் 20டபிள்யூ-50 ஊற்றிப் பழகியவர்கள் இங்கும் அதையே தேடுகிறார்கள். தை மாதக் காலைக் குளிரில் அது மேலே ஏறிச் சேரத் தாமதிக்கும். வண்டியின் கைநூலில் உள்ள எண்ணையே வாங்குங்கள். எஞ்சின் சரியாகச் சூடேறாமல் குறுந்தூரம் ஓடி ஓடி நிற்கும் வண்டியென்றால் பெற்றோலும் ஈரமும் ஒயிலில் சேரும். கைநூல் சொல்லும் தவணைக்கு முன்னரே மாற்றிவிடுங்கள். கழித்த ஒயிலைக் கானுக்குள் ஊற்றாமல் மூடிய கலனில் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.